எனக்குத் தெரியக்கூடாத கீழ்வீடு

யாழ்ப்பாணத்தவர் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் நாங்கள் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்பதைத்தான். பதில் வந்துவிட்டால் மிச்சக் கேள்விகள் தேவையில்லை என்று நினைத்துக்கொள்வோம். இந்தப் பழக்கத்தால்தான் நான் என் சொந்தக் கீழ்வீட்டை ஒரு விசாரிப்பும் இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்தேன். ஒஸ்லோவில் முறையீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் கந்தோர் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பியவன்.

ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் எங்கள் வீடு சரிவில் நிற்கிறது. மேலே நாங்கள். கீழே, சரிவுப் பக்கமாகத் தனிக்கதவு வைத்த சிறு வீடு. ஓர் அறை, குசினி, குளியலறை. மகள் படித்து முடித்து பேர்கனில் வீடு வாங்கிக்கொண்டு போன பிறகு அதை வாடகைக்கு விடுகிறோம். விளம்பரம் போட்ட அன்றே ஒரு நோர்வேஜியப் பெண் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது வயதைத் தாண்டிய குரல். அவர் இரண்டு வசனம் பேசுவதற்குள் எனக்கு மீன் வாடை அடித்தது. அவதூறாகச் சொல்லவில்லை; அது எனக்குப் பழகிய வடக்குப் பேச்சு. நான் இந்த நாட்டில் முதலில் வேலை செய்தது நாட்டின் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில். என் நோர்வேஜிய மொழி அங்கே மீன் வெட்டும் மேசையருகில் நின்று படித்தது. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, சட்டம் படித்து, கழுத்துப்பட்டி கட்டிய பிறகும் பேச்சு மாறவில்லை. கூட்டங்களில் நான் வாய் திறந்தால் ஒஸ்லோக்காரர்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

"எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"ஹம்மர்பெஸ்ட். நீ?"

"நானும் அங்கைதான்," என்றேன். அடுத்த நாளே சாவி கைமாறியது.

நோர்வேயில் எல்லோரும் எல்லோருக்கும் "நீ"தான். அந்தப் பெண் பேசியதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

மனைவி வேலையால் வந்து விசாரித்தாள். அவள் முதியோர் இல்லமொன்றில் தாதி உதவியாளர். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவள் ஓயவில்லை.

"முந்தி இருந்த வீட்டுக்காரரைக் கேட்டனீங்களே?"

"அவ ஹம்மர்பெஸ்ட்."

"அதுக்கு?"

"நல்ல சனம்."

"என்ன வேலையாம்?"

"சொந்தமாச் செய்யிறாவாம்."

"என்னத்தை?"

"சொந்தமாத்தான்."

அவள் கைப்பையைக் கழற்றி மாட்டினாள். "இதே மனுசி ஒரு மனுவோடை உங்கடை கந்தோருக்கு வந்திருந்தா, வாசல்லையே நிப்பாட்டி வைச்சிருப்பியள்."

குடியிருப்பவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் எழும்பமுன் பாதையில் பனி வாரியிருக்கும். குப்பையை இந்த நகரத்துச் சட்டப்படி வேறு வேறு நிறப் பைகளில் பிரித்து வைப்பார். சாப்பாட்டுக் கழிவுக்கான பச்சைப் பைக்குள் ஒருநாளும் பிளாஸ்டிக் கண்டதில்லை. வடக்கிலிருந்து காய்ந்த மீன் வந்தால் பாதி மேலே வரும். மனைவி அதை ஊறவைத்து மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்து, பாதியைக் கீழே அனுப்புவாள். ஒருமுறை அவர் கண்ணில் தண்ணீர் வடியத் தின்றுவிட்டு, "இவ்வளவு காலமா இந்த மீனை நாங்கள் வீணாக்கியிருக்கிறம்," என்றாராம்.

இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுச் சங்கத்தில் டுக்நாட் நடக்கும். எல்லா வீட்டாரும் ஒரு சனிக்கிழமை வெளியே வந்து, சம்பளமில்லாமல் இலை கூட்டி, வேலி பூசி, கடைசியில் அவித்த சொசேச் தின்று, அடுத்த வருடம்வரை ஒருவரை ஒருவர் தவிர்த்துக்கொள்ளும் நாள். சங்கத் தலைவர் தமிழ்நாட்டுக்காரர். கணினி எஞ்சினியர். வந்து சில வருடங்களுக்குள் தலைவராகிவிட்டார். முப்பது வருடமாக இருக்கும் எங்களுக்கு அந்த ஆசை வந்ததில்லை. அவர் இலை வாரியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கீழ் வீட்டு லேடி பத்தி ஒரு விஷயம்."

"சொல்லுங்கோ."

"டெய்லி வேற வேற ஆளுங்க வர்றாங்க சார். கார்ல வர்றான், அரை மணி நேரத்துல போறான். நம்ம பசங்க அந்தப் பக்கம்தான் சைக்கிள் ஓட்டுறாங்க. எனக்கு அது... பார்க்க சரியா படல."

"சொந்தமா வேலை செய்யிறா," என்றேன்.

"அதான் சார் நானும் சொல்றேன்," என்றார் அவர்.

அவர் கெட்டவர் அல்ல. பொலிசுக்குச் சும்மா ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமா என்று யோசிப்பதாகவும், ஆனால் முதலில் என்னிடம் கேட்பது மரியாதை என்று நினைத்ததாகவும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் கைகள் இலையை வாரின.

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்து வாசித்தேன். மேலோட்டமாகத் தெரிந்ததுதான், ஆனால் தன் தலைக்கு மேல் தொங்கும்போது வாசிப்பது வேறு வாசிப்பு. இந்த நாட்டில் பாலியல் சேவையை விற்பது குற்றமல்ல. வாங்குவது குற்றம். அதற்கு இடம் கொடுப்பதும் குற்றம்: அப்படிப் பயன்படும் என்று தெரிந்துகொண்டு ஒருவர் வீட்டை வாடகைக்கு விட்டால், கூட்டிக்கொடுப்பவனுக்கு உரிய அதே பிரிவில் வருவார். தெரியாது என்றால் தப்பலாம். தெரிந்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தப்ப முடியாது.

இதை எழுதியவர்கள் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற எழுதியதாகச் சொல்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதிகளோடுதான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. விதி சொல்வது இதுதான்: அம்மா, நீ செய்வது குற்றமல்ல, நீ தாராளமாகச் செய்யலாம், ஆனால் உன்னிடம் வருபவன் குற்றவாளி, உனக்குக் கூரை கொடுப்பவன் குற்றவாளி, பயத்துக்குத் துணையாக இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் ஒருத்திக்கு மற்றவள் தரகராகவும் ஆகலாம். இப்படி ஓர் அனுமதியை நான் எந்தத் தச்சனுக்கும் முடிதிருத்துநருக்கும் கொடுத்திருந்தால் என்னை வேலையிலிருந்து எடுத்திருப்பார்கள்.

ஆனால் அந்த மாலையில் எனக்கு வந்தது கோபம் அல்ல, பயம். கோயில் நிர்வாகத்தில் கணக்குப் பார்ப்பவன் நான். மகளின் மாமனார் மாமியார் இதே நகரத்தில் இருக்கிறார்கள். கூட்டிக்கொடுத்தவன் என்று ஒரு வழக்கு வந்தால், தீர்ப்பு என்னவாக இருந்தாலும், கலியாண வீடுகளில் எனக்கு எந்த மேசை கிடைக்கும் என்று யோசித்தேன். ஆகவே தெரியாமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

தெரியாமல் இருப்பது கடினமான வேலை. சரிவுப் பக்க யன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். குப்பை போடச் சுற்றுப் பாதையால் போனேன். கார் நிற்கும் சத்தம் கேட்டால் வானொலியைக் கூட்டினேன். சலவை இயந்திரம் கீழ்க்கதவுக்குள் இருக்கும் சிறு நடையில் இருக்கிறது. என் உடுப்பையும் நீரே தோயும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஏன், உங்களுக்கு என்ன வந்தது?"

"முழங்கால் நோகுது."

"முழங்கால் இல்லை," என்றாள் அவள். "நடையிலை ஆம்பிளைச் சப்பாத்துக் கிடக்கும். ஒருநாள் கண்ட சப்பாத்தை மற்றநாள் காணேலாது. அதுதானே?"

"நீர் எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம்."

"நான் போன மாரியே கண்டிட்டன்."

"ஐயோ, சொல்ல வேண்டாம் எண்டு சொல்லுறன்!"

"வீடு ரெண்டு பேற்றை பேரிலையும்தானே கிடக்கு? அப்ப எனக்குத் தெரிஞ்சா அரைவாசி உங்களுக்கும் தெரிஞ்ச மாதிரித்தான்." சட்டத்தை அவள் வாசிக்கவில்லை. ஆனால் அந்த விளக்கத்தில் எனக்குப் பிழை பிடிக்க முடியவில்லை.

எஞ்சினியருக்கு, நான் கவனிக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று செய்தி அனுப்பினேன். அவர் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். அதன் அர்த்தம் நன்றியா எச்சரிக்கையா என்று நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதற்பனி விழுந்து கரைந்த ஒரு மத்தியானம் மேல்வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண் நின்றார். கழுத்தைச் சுற்றிச் சால்வை. ஒரு கையை மற்றக் கையால் தாங்கியிருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"உனக்கு இந்த நாட்டு நடைமுறை எல்லாம் தெரியும் எண்டு உன்ரை மனுசி சொன்னவ," என்றார். "ஒரு விசயம் கேக்கோணும். நேற்று கீழை என்ரை..."

நான் கையை உயர்த்தினேன். வாகனத்தை மறிக்கும் பொலிஸ்காரனைப் போல. "சொல்ல வேண்டாம். தயவு செய்து. நீ சொன்னா நான்..."

அவர் நிறுத்தினார். அந்த முகத்தில் கோபம் வரவில்லை. இப்படி உயரும் கைகளை முன்பும் கண்டவரைப் போலத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கத் திரும்பினார்.

அன்று மனைவிக்கு மாலை வேலை, வீட்டில்தான் இருந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எங்கை போறாய்? உள்ளுக்கை வா." என் பக்கம் திரும்பித் தமிழில், "நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு மற்ற அறையிலை இருங்கோ. சட்டம் தெரியாத நான் கேக்கிறன்," என்றாள்.

நான் மற்ற அறைக்குப் போகவில்லை. குசினி வாசலில் நின்றேன். போயிருந்தாலும் கேட்டிருக்கும், எங்கள் வீட்டுச் சுவர்கள் அந்தத் தரம்தான்.

ஒரு ஆள். முன்பும் வந்தவன், மரியாதையாக இருந்தவன். முடியாது என்று இவர் சொல்லியிருந்த ஒன்றை நேற்றுச் செய்யக் கேட்டிருக்கிறான். மறுத்தபோது கழுத்தைப் பிடித்தான். கையை முறுக்கினான். போகும்போது, "நீ ஆரிட்டைச் சொல்லுவாய்?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். திரும்பி வருவேன் என்றும் சொன்னானாம். மனைவி பிறிஜ்ஜிலிருந்து உறைந்த பட்டாணிப் பையை எடுத்து மணிக்கட்டில் வைத்தாள். சால்வையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போர்த்தினாள்.

"பொலிசுக்குப் போ," என்றாள்.

"போகலாம். நான் செய்யிறது குற்றமில்லை, அது எனக்குத் தெரியும். ஆனா எங்கை நடந்தது எண்டு கேப்பினம். இந்த விலாசத்தைச் சொல்லோணும்." பட்டாணிப் பையை மற்றப் பக்கம் திருப்பினார். "என்ரை சிநேகிதி ஒருத்தி இப்பிடித்தான் போனவள். அவளோடை நல்லாத்தான் கதைச்சவையாம். பிறகு ஆரோ வீட்டுக்காரனுக்கு ரெலிபோன் எடுத்து, உன்ரை வீட்டிலை என்ன நடக்குது எண்டு தெரியுமோ எண்டு கேட்டிருக்கினம். அவன் பயத்திலை அண்டைக்கே அவளின்ரை பைகளைக் கொண்டுவந்து வெளியிலை வைச்சிட்டான். அடிச்சவன் வீட்டிலை இருக்கிறான். அடி வாங்கினவள் றோட்டிலை."

பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அதுதான் உன்னட்டை வந்தனான். புத்தி கேக்க இல்லை. உனக்கு ரெலிபோன் வந்தா நீ என்ன செய்வாய் எண்டு கேக்க. நான் முறையிட்டா எனக்கு வீடு இருக்குமோ, இல்லையோ?"

இவ்வளவு நேரான கேள்வி எந்த மனுவிலும் எனக்கு வந்ததில்லை. ஒரு நாள் பொறு என்றேன். சரி, ஆனால் அவன் பொறுப்பானோ தெரியாது என்றார்.

அடுத்த நாள் காலை பொலிசின் பொதுத் தகவல் இலக்கத்துக்கு அழைத்தேன். ஒரு நண்பருக்காகக் கேட்பதாகச் சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண் அதிகாரி, கனிவான குரல். நண்பருக்கு இப்போது தெரிந்திருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். "தெரிந்த பிறகு நண்பர் வாடகை உறவை முடித்துக்கொள்ள நடவடிக்கை எடுத்தால் பொதுவாகப் பிரச்சினை இருக்காது," என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். உதவி அமைப்புகள் இருக்கின்றன, துண்டுப் பிரசுரம் அனுப்பட்டுமா, நண்பரின் விலாசம் என்ன என்றார். தொலைபேசியை வைத்தேன்.

"நடவடிக்கை எடுத்தால்" என்ற அந்தச் சொற்கள் மட்டும் காதில் நின்றன. முடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு காலத்தை நுழைக்கலாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

இந்த நாட்டில் குடியிருப்பவரைப் பை தூக்கி வெளியே வைத்து அனுப்ப முடியாது. அந்தச் சிநேகிதியின் வீட்டுக்காரன் செய்தது சட்டவிரோதம். அவளுக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. முதலில் காரணம் காட்டி எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் குறித்த தவணைக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் வீட்டுக்காரர் அடுத்த தவணைக்குள் நீதிமன்றம் போக வேண்டும். போகாவிட்டால் அறிவித்தல் தானாகவே செத்துவிடும்.

குசினி மேசையில் இருந்து இரண்டு கடிதங்களும் எழுதினேன். முதலாவது என்னுடையது: மகள் ஒஸ்லோவுக்குத் திரும்ப இருப்பதால் சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும். இரண்டாவது கீழ்வீட்டுப் பெண்ணுடையது: வீட்டுக்காரரின் மகளுக்கு பேர்கனில் சொந்த வீடும் நிரந்தர வேலையும் உண்டு, எனவே காட்டப்பட்ட காரணம் நம்பத்தக்கதல்ல. இரண்டாவது மிக வலுவாக வந்தது. என் கடிதத்தை நானே வாசித்தபோது இந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று பட்டது. கந்தோரில் இருந்திருந்தால் நிச்சயம் எனக்கு எதிராகத்தான் முடிவு எழுதியிருப்பேன்.

மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "உங்களோடை நீங்களே சண்டை பிடிக்கிறியளோ?"

"நடைமுறை."

"ஆர் வெல்லுறது?"

"அவதான்."

"அப்ப சரி," என்றுவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஒரு நிபந்தனை இருந்தது. அதைச் சொல்லவும், இரண்டாவது கடிதத்தில் கையெழுத்து வாங்கவும் நான்தான் கீழே போனேன். கீழ்க்கதவை நானாகத் தட்டியது அதுதான் முதல்தரம். இது நடந்துகொண்டிருக்கும்வரை இந்த வீட்டுக்கு எவரும் வரக்கூடாது. வந்தால் என் கடிதம் வெறும் நாடகமாகிவிடும், இரண்டு பேரும் மாட்டுவோம். அவர் கட்டிலில் இருந்து கேட்டார். பூ வைத்த யன்னல், மடித்த போர்வை, கதவில் உள்ளிருந்து போடும் இரட்டைப் பூட்டு. அந்தப் பூட்டை அவர் தன் செலவில் போட்டிருந்தார்.

"இஞ்சை எண்டா ஆர் வாறான் எண்டு யன்னலாலை பாப்பன்," என்றார். "பிடிக்காட்டித் திறக்கமாட்டன். மேலை நீங்கள் நடக்கிற சத்தம் கேக்கும். வெளியிலை போனா அவன்ரை வீடு, அவன்ரை பூட்டு. உனக்கு விளங்குதோ?"

விளங்கியது என்றேன்.

"சரி. வீடு இருந்தாப் போதும். நான் போய் முறையிடுறன்."

அன்றே போனார். மனைவி வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டுக் கூடப் போனாள். பொலிஸ் நிலையத்தில் ஒழுங்காகக் கேட்டு எழுதினார்களாம், படம் எடுத்தார்களாம். சில நாட்களில் அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் இந்த விலாசத்தை அணுகக்கூடாது என்று தடை பிறப்பித்தார்கள். அந்தத் தடையில் எங்கள் வீட்டு இலக்கம் எழுதியிருந்தது. இருப்பதற்கு ஓர் இலக்கம் உள்ளவருக்குத்தான் அப்படி ஒரு தடையைப் பிறப்பிக்க முடியும். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

பிறகு அந்தத் தொலைபேசியும் வந்தது. வேறொரு அதிகாரி, இளம் குரல். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியுமா?

"வாடகை ஒப்பந்தத்தை முடிக்க எழுத்தில் அறிவித்தல் கொடுத்துள்ளேன்," என்றேன். "குடியிருப்பவர் ஆட்சேபம் தெரிவித்துள்ளார். விடயம் பரிசீலனையில் உள்ளது."

இந்தக் கடைசி வசனத்தை நான் உத்தியோக காலத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். சொன்னதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு வரும். அந்த அதிகாரியும் பெருமூச்சு விட்டார். குறித்துக்கொள்கிறேன் என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு நான் கதிரையில் இருந்தேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

இத்தோடு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பயத்தின் திசைதான் மாறியது. அதுவரை கீழே யார் வருகிறார்கள் என்று பயந்தேன். இப்போது அந்தப் பெண் எங்கே போகிறார் என்று பயந்தேன்.

மனைவிதான் அந்த ஒழுங்கைச் செய்தது. வெளியே போகமுன் போகும் விலாசத்தை அவளுக்கு அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி, வெளியே வந்ததும் ஒரு செய்தி. முதியோரைப் பராமரிக்கத் தனியாக வீடு வீடாகப் போகும் தாதிகளுக்கு இப்படித்தானாம். அங்கே அதற்குத் தொழிற்சங்கமும் உண்டு, விதியும் உண்டு. கீழ்வீட்டுப் பெண்ணுக்கு என் மனைவியின் கைத்தொலைபேசி இருந்தது. இதுவும் அந்தத் தொழிலுக்குத் துணைபோவதாகக் கொள்ளப்படலாம் என்று சொன்னேன்.

"அப்ப என்னைப் பிடிச்சுக் குடுங்கோ," என்றாள். "அடுப்பிலை பருப்புக் கிடக்கு, அதை இறக்கிப்போட்டுப் போறன்."

மார்கழியில் ஒஸ்லோவில் மத்தியானம் தாண்டியதும் இருட்டிவிடும். அப்படி ஒரு பின்னேரம். போய்ச் சேர்ந்தேன் என்ற செய்தி வந்திருந்தது. மற்றது வரவில்லை. மனைவி கைத்தொலைபேசியை அரிசி டப்பாவில் சாத்தி வைத்துவிட்டு வெங்காயம் வெட்டினாள். தேவைக்கு மேல் வெட்டினாள். நான் அழைத்துப் பார்த்தேன், இணைப்பு இல்லை. திரும்பவும் அழைத்தேன்.

"பொலிசுக்கு எடுங்கோ," என்றாள்.

"எடுத்து என்னெண்டு சொல்லுறது?"

"ஒரு பொம்பிளையைக் காணேல்லை எண்டு."

"எங்கை போனவ, ஏன் போனவ, உமக்கு என்னெண்டு தெரியும் எண்டு கேப்பினம்."

"தெரியும் எண்டு சொல்லுங்கோவன். தெரியும்தானே!"

கத்தியை மேசையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இலக்கத்தை அழுத்தினேன். மூன்று இலக்கம்தான். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியபோது, திரையை விலக்கிச் சரிவைப் பார்த்தேன். பாதை விளக்கின் கீழ் ஒரு உருவம், பனியில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து ஏறி வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

குளிரில் பற்றரி செத்துவிட்டதாம். அவ்வளவுதான். புகைவண்டியில் இருந்துகொண்டு, இவர்கள் பயப்படுவார்களே என்று தானும் பயந்துகொண்டு வந்தாராம். மனைவி திட்டினாள், நோர்வேஜிய மொழியில் தொடங்கித் தமிழில் முடித்தாள். அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு சொல்லும் தப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் நீதிமன்றம் போக வேண்டிய தவணையின் கடைசி நாள் மாசியில் வந்தது. விண்ணப்பத்தை எழுதியே வைத்திருந்தேன், பழக்கதோசம். காலையிலிருந்து அது மேசையில் கிடந்தது. வாழ்க்கையில் ஒரு தவணையையும் நான் தவறவிட்டதில்லை. தவறவிட்டவர்களின் மனுக்களைத் திறக்காமலே திருப்பியிருக்கிறேன். இன்று இதை அனுப்பாவிட்டால் அறிவித்தல் செத்துவிடும்; "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அடுத்த தொலைபேசிக்கு நான் வெறுங்கையோடுதான் பதில் சொல்ல வேண்டும். அனுப்பினால், நான் தோற்கத்தான் போகிறேன் என்றாலும், ஒரு நீதிபதியின் முன்னால் அந்தப் பெண்ணின் பிழைப்பை விரித்துப் பேசுவார்கள்.

"இண்டைக்கு என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்டும் செய்யாமல் இருக்கப் போறன்."

"அதுக்கு ஏன் விடிய வெள்ளனவே எழும்பினியள்?"

பின்னேரம் மேல்வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண். கையில் காய்ந்த மீன் சுற்றிய பொதி. அதை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"போன கிழமை ஒருத்தன்ரை வீட்டிலை கதவைத் திறக்க விடேல்லை," என்றார். "ஒண்டும் நடக்கேல்லை. கதைச்சுக் கதைச்சு வெளியிலை வந்திட்டன். ஆனா இனி வெளியிலை போகமாட்டன், இஞ்சைதான் வரச்சொல்லுவன். உனக்குச் சொல்லாமலும் செய்யமாட்டன். நீ கேக்க விரும்பாட்டி, இப்பவே சொல்லு. இந்த மாதக் கடைசியோடை நானாப் போறன். பை வெளியிலை வைக்கத் தேவையில்லை."

என் கை உயரவில்லை. மேசையில் கிடந்த விண்ணப்பம் கண்ணில் பட்டது. தபால் மூடும் நேரம் இன்னும் ஆகவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

"உள்ளுக்கை வந்து இரு," என்றேன். "முழுக்கச் சொல்லு."

சொன்னார். எந்த நாட்களில், எப்படிப்பட்டவர்கள், யாரைத் திறக்கமாட்டார், பூட்டை எப்போது போடுவார். மனைவி நடுவில் கேள்வி கேட்டாள். சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் நேரத்தில் வேண்டாம் என்றாள். ஓம், அது எனக்கும் சரி என்றார் அவர். நான் எல்லாவற்றையும் கேட்டேன். தெரியாது என்று இனி எந்த அதிகாரிக்கும் சொல்ல முடியாதபடி, ஒன்றும் விடாமல் கேட்டேன். அவர் கீழே போன பிறகு மனைவி மீனை ஊறப்போட்டாள். தபால் மூடியது.

திரையைக் கழற்றிவிட்டேன். இப்போது சரிவில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன், பொலிஸ் காரா என்று. இல்லையென்றால், இறங்கி நடப்பவனின் முகத்தைப் பார்த்து வைக்கிறேன். எஞ்சினியர் எதிர்ப்பட்டால், "என்ன சார், எல்லாம் ஓகேவா?" என்கிறார். ஓம் என்கிறேன். கார் வந்த நாட்களில், கீழே வந்தவன் திரும்பிப் போகும்வரை, கீழ்ப் பூட்டு உள்ளிருந்து இரண்டு தரம் விழும் சத்தம் கேட்கும்வரை, யன்னலடியிலேயே நிற்கிறேன்.